கனுவுக்கு மட்டும் வருகிறவன்

என் மச்சினன் சுந்தரேஷ் வருஷத்துக்கு ஒரு நாள்தான் எங்கள் வீட்டுக்கு வருவான். தீபாவளிக்கு வரமாட்டான். என் பையன் அர்விந்தின் பூணூலுக்கு வரவில்லை. எனக்கு ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவன், வார்டு வாசலில் தன் அக்காவிடம் ஆரஞ்சுப் பையைக் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டான். ஆனால் பொங்கலுக்கு மறுநாள், கனுவன்று, பகல் பன்னிரண்டரை மணிக்கு டாண் என்று காலிங்பெல் அடிக்கும். டெல்லியில் அவன் இருக்கும் முனிர்காவிலிருந்து எங்கள் கிட்வாய் நகருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். அதற்கு அவனுக்கு ஒரு வருஷம் ஆகும்.

கனு என்றால் என்னவென்று ஆபீஸில் யாராவது கேட்டால் "ரக்ஷாபந்தன் ஜைஸா", அதாவது ரக்ஷாபந்தன் மாதிரி, என்று சொல்லி முடித்துவிடுவேன். முழுக்கச் சரியில்லை, ஆனால் கேட்டவன் அடுத்த கேள்வி கேட்கமாட்டான். கூடப்பிறந்தவன் நன்றாக இருக்கவேண்டும் என்று பெண்கள் காலையில் குளிப்பதற்கு முன்னால் மஞ்சள் இலையைப் பரப்பி, மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், தயிர்சாதம், முதல் நாள் மீந்த சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பிடியாக வரிசையாய் வைத்து, காக்கைக்குப் போடுகிற சடங்கு அது. மத்தியானம் எலுமிச்சைசாதம், தேங்காய்சாதம், அவியல், பொரித்த வடாம். கூடப்பிறந்தவன் உள்ளூரில் இருந்தால் சாப்பிட வந்தாக வேண்டும். ருக்மிணிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒருத்தன். அவன் உள்ளூரில்தான் இருக்கிறான்.

சர்க்காருக்கு இதெல்லாம் தெரியாது. பொங்கலுக்காவது விருப்ப விடுமுறை எழுதிக் கொடுத்தால் விடுவார்கள். கனு எந்தப் பட்டியலிலும் கிடையாது. கல்யாணமானதிலிருந்து வருஷா வருஷம் அதற்கு ஒரு சி.எல். போட்டு, காரணம் என்ற இடத்தில் குடும்ப விவகாரம் என்று எழுதி வந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் நான் ஃபைல்களில் எழுதிய எத்தனையோ நோட்டிங்குகளில் அந்த இரண்டு வார்த்தைதான் அப்பட்டமான உண்மை.

இந்த வருஷக் கனுதான் எங்களுக்கு டெல்லியில் கடைசி. ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி நான் ரிட்டையர் ஆகிறேன். பிப்ரவரி முதல் வாரம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கிளம்பி சென்னை, அங்கேயிருந்து திருச்சி. தில்லைநகரில் ஒரு ஃபிளாட் காத்திருக்கிறது. டிசம்பரிலேயே டிக்கெட் போட்டுவிட்டேன். இரண்டு பேருக்கு மூன்று டிக்கெட். மூன்றாவது, சுந்தரேஷ் பெயரில்.

"அவனை இங்க தனியா விட்டுட்டு நான் வரமாட்டேன்" என்றாள் ருக்மிணி. நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளையைப் பற்றி ஒரு பெண்பிள்ளை இப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. அந்த நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை எப்படி முனிர்காவில் நாலாவது மாடி ஒற்றை அறையில் வந்து விழுந்தான் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் இந்தக் கனுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் டெல்லிக்கு வந்தபோது இருபத்து மூன்று வயது. மன்னார்குடியிலிருந்து ஒரு டிரங்க் பெட்டி, கணக்கில் முதல் வகுப்பு எம்.எஸ்ஸி., ஒரு பழைய சிவப்பு ஸ்வெட்டர். அம்மா அவன் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டாள். அப்பா, அதாவது என் மாமனார், ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர். பிள்ளையைக் கலெக்டராகப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாத மனுஷர். தபாலாபீஸ் வாசலில் ஜீப் வந்து நின்றால் எப்படி எழுந்து நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்; அந்த ஜீப்பிலிருந்து தன் பிள்ளை இறங்க வேண்டும் என்று நினைத்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது எங்களுக்கு லோதி ரோடு பக்கம் இரண்டாம் மாடியில் குவார்ட்டர்ஸ். முன் அறையை அவனுக்கு விட்டுக்கொடுத்தோம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். கூடப்பிறந்தவர்கள் இல்லாதவன் நான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கேரம் ஆடுவோம். என் நோட்டிங்கை வாங்கிப் படித்துவிட்டு, "அத்திம்பேர், இதுல என்ன சொல்ல வர்றேள்னு உங்க அண்டர் செக்ரட்டரிக்கே புரியாது" என்று சிரிப்பான். அர்விந்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். பையன் ஹிந்தியில் கேட்பான், இவன் தமிழில் சொல்லுவான், இரண்டு பேருக்கும் புரியும்.

ஐ.ஏ.எஸ். பரீட்சை மட்டும் அவனுக்குப் பிடிகொடுக்கவில்லை. இரண்டு தடவை முதல் கட்டத்திலேயே போயிற்று. இரண்டு தடவை மெயினில். ஒரு தடவை நேர்முகம் வரை போய்ப் பதினொரு மார்க்கில் போயிற்று. பதினொரு மார்க் என்றால் ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்வி எதுவாக இருக்கும் என்று ஒரு மாசம் தேடினான். ஆறு தடவைதான் எழுதலாம். ஆறாவது தடவை மெயின் பரீட்சை பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில் வந்தது. முதல் நாள் கட்டுரை. அதற்கப்புறம் வரிசையாக மற்றவை.

அந்த முதல் நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு மன்னார்குடியிலிருந்து ஃபோன். மாமனார் போய்விட்டார். தூக்கத்திலேயே.

பேசியது ருக்மிணியின் பெரியப்பா பையன் வைத்தி. நான் ஃபோனைக் கீழே வைக்கும்போது ருக்மிணி எதிரில் நிற்கிறாள். முன் அறையில் சுந்தரேஷ் எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்கிறது. சமையலறைக்குள் அவளை இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். "அவன்கிட்ட சொல்லிடுங்கோ, அவன்தானே செய்யணும், அவன் ஒருத்தன்தானே" என்றாள். நான் வேண்டாம் என்றேன். அது கடைசித் தடவை, இதை விட்டால் வேறு கிடையாது, அப்பாவே உயிரோடு இருந்தால் எழுதிவிட்டு வா என்றுதான் சொல்லியிருப்பார் என்றேன். இதையெல்லாம் நான் எவ்வளவு கோர்வையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஒரு ஃபைலுக்கு உத்தரவு எழுதுகிற மாதிரி எழுதிவிட்டேன்.

என் பேச்சுத்தான் ஜெயித்தது. பரீட்சை நாட்களில் ஃபோனை என்னிடம் கொடுத்துவிடுவது அவன் பழக்கம், அதனால் அந்தப் பக்கம் கவலை இல்லை. மன்னார்குடிக்கும், இங்கே காலனியில் இருந்த ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஃபோன் போட்டு, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை போட்டேன். ருக்மிணி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தயிரில் சர்க்கரை போட்டு அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அக்காவை நமஸ்காரம் பண்ணினான். அவள் எப்படி நின்றாளோ தெரியாது.

நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். ஒரே பனி. பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டுரைக்கு என்ன தலைப்பு வரும் என்று பேசிக்கொண்டே வந்தான். ஐ.டி.ஓ. சிக்னலில் நிற்கும்போது, சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பச்சை விழுந்தது. போய்விட்டேன்.

ருக்மிணி அர்விந்தையும் கூட்டிக்கொண்டு மத்தியான ஃபிளைட்டில் கிளம்பினாள். என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தஞ்சாவூர் போயிருக்கிறாள் என்று அவனிடம் சொன்னேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கே எடுத்தார்கள். வைத்தி கொள்ளி வைத்தான். இங்கே அதே நேரத்தில் சுந்தரேஷ் பொது அறிவுத் தாள் எழுதிக்கொண்டிருந்தான். கடைசித் தாள் முடியும்வரை நான் அவனுக்குச் சமைத்துப் போட்டேன், வெந்நீர் வைத்தேன், பேனாவுக்கு மசி இருக்கிறதா என்று பார்த்தேன். முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் உட்காரவைத்துச் சொன்னேன். அவன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. டிரங்கிலிருந்து ஒரு வேஷ்டியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

எட்டாம் நாள் மன்னார்குடி போய்ச் சேர்ந்தான். கொள்ளி வைத்தவர்தான் பத்து நாளும் செய்ய வேண்டும், நடுவில் கை மாறக் கூடாது என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். சொந்த அப்பாவின் காரியத்தில் பெற்ற பிள்ளை தூணில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். ஊரே பார்த்தது. பதின்மூன்றாம் நாள் சாப்பிடாமல் டெல்லிக்கு ரயில் ஏறியவன், அதற்கப்புறம் அந்த ஊருக்குப் போகவே இல்லை. அப்பாவின் திவசத்தையும் வருஷா வருஷம் வைத்திதான் செய்கிறான்.

பரீட்சையில் தேறிவிட்டான். அதுதான் கொடுமை. நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அவன் போகவில்லை. அந்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முனிர்காவுக்குப் போனான். அங்கே யூனிவர்சிட்டியில் ஏதோ ஆராய்ச்சி என்று சேர்ந்து, அதையும் முடிக்காமல் விட்டான். கோச்சிங் சென்டர்களுக்கு விடைத்தாள் திருத்திக் கொடுத்துக் காலத்தை ஓட்டுகிறான். அவன் திருத்திய பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இன்றைக்கு மாவட்டங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தருக்குக்கூட அவன் முகம் தெரிந்திருக்காது.

அந்த வருஷம் பண்டிகை இல்லை. அதற்கடுத்த கனுவன்று ருக்மிணி நாலு தடவை ஃபோன் பண்ணியபிறகு வந்தான். கையில் ஒரு டப்பா கஜக், எள்ளும் வெல்லமும் போட்ட இங்கத்துப் பனிக்கால மிட்டாய். வெள்ளைப்பூசணி போட்ட அவியலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். கிளம்பினான். அது வழக்கமாகிவிட்டது. ஒன்பது கனு, ஒன்பது டப்பா கஜக். எனக்கும் அவனுக்கும் நடுவில் மூன்று வாக்கியம்: குளிர் எப்படி, பஸ் உடனே கிடைத்ததா, அர்விந்த் புனேயில் எப்படி இருக்கிறான். அவன் கைகழுவப் போனதும் ருக்மிணி என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு ஒன்பது வருஷமாக நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: அவன் நல்லதுக்குத்தான் செய்தேன். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை தேய்ந்து போய்விட்டது. ஆனாலும் அவளிடம் என் தப்பு என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. என் சுபாவம் அப்படி.

மூன்றாவது டிக்கெட் போட்ட அன்றைக்கு அவள் சொன்னாள்: "டிக்கெட் போட்டா வந்துடுவானா? நீங்க மன்னிப்புக் கேட்கணும். அவன் மனசுல இருக்கறது அதுதான். அது போனாத்தான் வருவான்."

"நான் என்ன கொலையா பண்ணினேன்?"

"இத்தனை வயசாச்சு, இன்னும் வாதம் பண்றேள். வந்து திவசத்தையாவது அவன் கையால பண்ணட்டும்னுதான் சொல்றேன். அந்த ரூம்ல ஒருநாள் ஏதாவது ஆச்சுன்னா நமக்கு யார் சொல்லுவா?"

சரி, கேட்கிறேன் என்றேன்.

இந்தக் கனுவன்று காலை ஏழு மணிக்குப் பனி ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தப் புது டவரில் மொட்டைமாடி பூட்டித்தான் இருக்கும். பால்கனியில் புறாவுக்காக வலை. ஆகையால் ருக்மிணி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய மஞ்சள் இலை, சாதத் தட்டு சகிதம் லிஃப்டில் இறங்கி, டவருக்குப் பின்னால் பார்க்கில் போய் வைப்பாள். நான் செக்யூரிட்டி வந்தால் சமாளிக்கக் கூட நிற்பேன். பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று அங்கே போர்டு வைத்திருக்கிறார்கள். "பையா, தோ மினிட், பூஜா ஹை" என்றால் போய்விடுவான். காக்கை வரவில்லை. வருஷா வருஷமே அநேகமாக வராது. பத்துப் புறா வந்து இறங்கி, இலையை மிதித்துத் தின்றன. ருக்மிணி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். புறாவாக இருந்தாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டரைக்குப் பெல் அடித்தது. காதோரம் நரை அதிகமாகியிருந்தது. ஒரு பல் போயிருந்தது. கஜக் டப்பாவை அக்காவிடம் கொடுத்தான். வீடு முழுக்க அட்டைப்பெட்டி கட்டி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

இலையில் எல்லாம் பரிமாறி, அவன் முதல் கவளம் எடுத்தபிறகு ருக்மிணி சொன்னாள். "சுந்து, உனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருக்கு. ஏழாம் தேதி. அங்க உனக்குன்னு ரூம் இருக்கு. பேப்பர் திருத்தறதை எங்க உட்கார்ந்தாலும் திருத்தலாமே."

அவன் அப்பளத்தை உடைத்தான். "பாக்கலாம்க்கா."

"பாக்கலாம்னா?"

"சாதம் போடு" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

அவன் கிளம்பும்போது மீந்ததை டப்பாக்களில் போட்டு ஒரு பை நிறையக் கொடுத்தாள். "கனமா இருக்கு, நான் தூக்கிண்டு வரேன்" என்று நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவன் வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஆட்டோவில் போகும்போது இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனோம்.

அவன் அறைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. முனிர்கா சந்தில் கட்டடங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நாலு மாடி ஏறுவதற்குள் என் ஸ்டென்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரை ஒட்டி விடைத்தாள் கட்டுகள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். பட்டப்பகலில் லைட்டைப் போட்டான். நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

மூச்சு வாங்குவது நின்றதும் நான் ஆரம்பித்தேன். வழியெல்லாம் மனதுக்குள் டிராஃப்ட் போட்டு வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "சுந்து, நான் பண்ணினது தப்பு. உன் அப்பாவுக்கு நீ செய்யவேண்டியதை நான் உன் கையிலேருந்து பிடுங்கிட்டேன். அதுக்கு எனக்கு என்ன உரிமை இருந்ததுன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியலை. உன் கால்ல வேணும்னாலும் விழறேன். எங்களோட வா."

கீழே சந்தில் ஒருத்தன் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"அத்திம்பேர், லோதி ரோடு வீட்டுக்குக் கீழ நாவல் மரத்தடியில ராம்சரண்னு ஒருத்தன் இஸ்திரி போடுவானே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"அக்கா ஏர்போர்ட் போறச்ச அவன்கிட்ட போட்டிருந்த புடவையை வாங்கிண்டு போயிருக்கா. என்ன அவசரம்னு கேட்டிருக்கான். அவ அழுதுண்டே சொல்லிட்டா. அன்னிக்குச் சாயங்காலம் கட்டுரைத் தாளை எழுதிட்டு நான் வரேன். என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழ வெச்சுட்டு எழுந்து வந்தான். 'பையா, பாபுஜி சலே கயே, படா அஃப்ஸோஸ் ஹுவா'ன்னு, அப்பா போயிட்டாராமேன்னு, என் கையைப் பிடிச்சிண்டான்."

எனக்கு முதலில் புரியவில்லை. காலனியில் இருந்த தமிழர் அத்தனை பேர் வாயையும் கட்டிப்போட்டேன். இஸ்திரிக்காரனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு நம் வீட்டு விஷயம் எப்படித் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

"முதல் நாளா?"

"முதல் நாளே. அஞ்சேகால் மணி. அப்பாவை மறுநாள் காலம்பறதான் எடுத்தா. எட்டரைக்கு சென்னைக்கு ஒரு ஃபிளைட் இருந்தது. எனக்குத் தெரியும். அர்விந்தோட ஸ்கூல் ப்ராஜெக்டுக்காக அந்த ஃபிளைட் டைம்டேபிள் எல்லாம் நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். சென்னையிலேருந்து ராத்திரி டாக்ஸி வெச்சா விடியறதுக்குள்ள மன்னார்குடி."

"ஏன்டா எங்கிட்ட கேக்கலை?"

"கேட்கத்தான் மேல வந்தேன். நீங்க ரசம் வெச்சிண்டிருந்தேள். எப்படி எழுதினேன்னு கேட்டேள். நல்லா எழுதியிருக்கேன்னு சொன்னேன். குளிச்சுட்டு வரேன்னு போனேன்."

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. டிசம்பர் மாசக் குளிரில், பரீட்சை எழுதிவிட்டு வந்தவன், போட்ட துணியோடு பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்து நின்றான். ஜுரம் வந்தால் நாளைக்கு எப்படி எழுதுவாய் என்று நான் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டிவிட்டேன். சாவுச் செய்தி கேட்டவன் குளிக்கிற குளியல் அது. எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்கிற இடத்தில் நான் அன்றைக்கு இல்லை.

"நீங்க சொல்லுவேள்னு காத்திண்டிருந்தேன்" என்றான். பிறகு தலையை ஆட்டினான். "இல்லை, பொய். நீங்க சொல்லிடக்கூடாதேன்னு பயந்துண்டிருந்தேன். நீங்க சொல்லிட்டா நான் போயாகணும். நீங்க சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது, எழுதலாம். ராத்திரி ராத்திரி நீங்க பக்கத்துல வந்து உட்காருவேள். வாயைத் திறந்துடப்போறேளோன்னு புஸ்தகத்துல முகத்தை வெச்சுப்பேன். அத்தனை தாளும் எழுதினேன். என் ஜன்மத்துல அவ்வளவு நன்னா நான் எழுதினதே இல்லை."

அவன் சுவரோரம் சாய்ந்திருந்த ஒரு விடைத்தாள் கட்டை நிமிர்த்தி வைத்தான்.

"அந்த மார்க்கை வெச்சிண்டு இன்டர்வியூவுக்குப் போய் உட்கார முடியலை. அவ்வளவுதான். எல்லாரும் உங்க மேல கோபம்னு நெனச்சா. அது எனக்குச் சௌகரியமா இருந்தது, விட்டுட்டேன். நீங்களும் ஒண்ணும் சொல்லாம வாங்கிண்டேள். மன்னிப்பு நான்தான் கேட்கணும்."

பத்து வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிற்று. அதை மறைக்க முடியாது. அப்பாடா என்று இருந்தது. அந்த அறையில், அவனுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் புரிந்தது, இவன் வரப்போவதில்லை. என் மேல் கோபம் என்றால் நான் காலில் விழுந்தால் தீரும். இதைத் தீர்க்க யார் காலில் யார் விழுவது?

இருந்தாலும் கேட்டேன். அப்பா இருந்தாலும் எழுது என்றுதான் சொல்லியிருப்பார் என்றேன். வந்து ஒரு திவசம் உன் கையால் செய்தால் மனசு ஆறும் என்றேன். நான் பேசுவதை நானே நம்பவில்லை. அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான், சுமாராக எழுதிய ஒரு விடைத்தாளைப் படிக்கிற மாதிரி.

"அந்த மன்னார்குடிக் கூடத்துல என்னால நிக்க முடியாது அத்திம்பேர். தெரியாம வராம இருந்தவன்னு அங்க எல்லாரும் என் மேல பாவப்படறா. அதை வாங்கிண்டு என்னால சாப்பிட முடியாது. நீங்க டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்கோ."

"அடுத்த கனுவுக்கு எங்கடா சாப்பிடுவே?" என்று கேட்டேன். எத்தனையோ கேட்டிருக்கலாம், அதைத்தான் கேட்க வந்தது.

அவன் அக்கா கொடுத்த டப்பாக்களைப் பையிலிருந்து எடுத்து ஸ்டவ் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான். "தெரியலை" என்றான். வாசல் வரை வந்து, "அக்காகிட்ட சொல்லாதீங்கோ" என்றான். "தெரிஞ்சா அவ எனக்குக் கனு வைக்கமாட்டா. வெச்சாலும் வேண்டிக்க மாட்டா. எனக்காக வேண்டிக்க வேற யாரும் இல்லை."

நாலு மாடி இறங்கி, சந்தைத் தாண்டி, மெயின்ரோட்டுக்கு வந்து ரொம்ப நேரம் சும்மா நின்றேன். ஆட்டோக்காரர்கள் கேட்டுக்கேட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. ஐ.டி.ஓ. சிக்னலில் நான் வாயைத் திறந்திருந்தால் இவன் இன்றைக்குக் கலெக்டராக இல்லாவிட்டாலும் மனுஷனாக இருந்திருப்பான். நான் சொல்லாததால்தான் அவனுக்குத் தெரியாததுபோல் இருக்க ஒரு இடம் கிடைத்தது. அதை நான்தான் கட்டிக் கொடுத்தேன். இதையும் அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது.

வீட்டில் ருக்மிணி சாப்பாட்டு மேஜை அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

"கேட்டேளா?"

"கேட்டேன்."

"மன்னிப்புக் கேட்டேளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"வரமாட்டானாம்."

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மன்னிப்புக் கேட்டும் வரமாட்டேன்னுட்டானா? அப்போ எவ்வளவு வெச்சிண்டிருப்பான் மனசுக்குள்ள" என்றாள். குரல் உயரவில்லை. "அன்னிக்கு சமையல்ரூம்ல நான் தலையால அடிச்சிண்டேன். சொல்லிடுங்கோ, சொல்லிடுங்கோன்னு. நீங்க கேக்கலை. என் தம்பியை நீங்கதான் இப்படி ஆக்கினேள். நம்ம போனப்புறம் அவன் அங்கேயே கிடந்து செத்துப்போவான். அதுவும் உங்களாலதான்."

வழக்கமாக இந்த இடத்தில் நான் அவன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்பேன். அவள் எழுந்து உள்ளே போவாள். பத்து வருஷமாக இப்படித்தான் முடியும்.

"ஆமாம் ருக்கு" என்றேன். "என்னாலதான்."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் இப்படி ஒத்துக்கொண்டு அவள் கேட்டதே இல்லை. ஏதாவது மேலே சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. பிறகு புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தோளில் கை வைத்தேன். அவள் அதை எடுத்துவிட்டாள்.